பழுது எண் முப்பத்தொன்று

ஜூன் ஒன்பதாம் தேதி, காலை பதினோரு மணிக்கு, சிர்தர்யா ஆற்றிலிருந்து கும்தொலா மேட்டுக்கு ஏற்றப்படும் தண்ணீர் தன் எடையை இழந்தது. அந்த வாரம் மாவு மூட்டையின் விலை ஏறியிருந்ததால் ஊர் அதைக் கவனிக்கவில்லை. முதலில் கண்டுகொண்டது பம்ப் நிலையத்தின் டிரைவ் பெட்டிதான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சாம்பல்நிறப் பெட்டி, திரையில் 31 என்று காட்டிவிட்டு மோட்டாரை நிறுத்தியது. ருஷ்யக் கையேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இரண்டே சொற்கள் இருந்தன: சுமை இல்லை.

நிலையத்தின் எலக்ட்ரீஷியன் ஹோல்மத் இருபத்திரண்டு வருட அனுபவக்காரர். ஊரே அவரை உஸ்தோ, அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிடும். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் அறுந்திருக்கும், அல்லது பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று நினைத்தார். கப்ளிங் உறுதியாக இருந்தது. வடிகட்டியில் சிக்கிய பாசியை அள்ளிப் போட்டார். மறுபடி ஓட விட்டு அளந்தால், நூற்றெண்பது ஆம்பியர் இழுக்க வேண்டிய மோட்டார் நாற்பதுதான் இழுத்தது. நிலையத்தில் இருந்த இரண்டு பம்புகளின் பெட்டிகளையும் இடம் மாற்றிப் பார்த்தார். எதை மாட்டினாலும் முப்பத்தொன்றுதான். ஓடுகிற அந்தச் சில நிமிடங்களில் எண்பது மீட்டர் மேலே தண்ணீர் கொட்டத்தான் செய்தது. கடைசியில், மனைவி ஸைனூரா வாதுமைப்பழம் நிறுக்கும் தராசை ஹோல்மத் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். காலி வாளி தொள்ளாயிரம் கிராம். நிறைந்த வாளியும் தொள்ளாயிரம் கிராம்.

நீர்ச் சங்கத் தலைவர் மிர்முஹ்சின் குனிந்து பார்த்தார்.

"வாளி ஓட்டையா இருக்கும்யா, உஸ்தோ."

"தளும்பத் தளும்ப நிக்குது அகா, கையை விட்டுப் பாருங்க."

"அப்ப அந்தப் பெட்டி வாயை மூடு. மரம் காயுது, இது நின்னு நியாயம் பேசிட்டிருக்கு!"

பெட்டியின் அமைப்புகளில் அதற்கும் வழி இருந்தது. சுமையில்லை என்கிற எச்சரிக்கையை மட்டும் அணைத்துவிடலாம். ஹோல்மத்துக்கு மனசே இல்லை. ஆனால் ஸைனூரா தன் கையால் நட்ட அறுபத்திரண்டு வாதுமை மரங்கள் மேட்டில்தான் நின்றன. அவை பட்டுப்போனால் ருஷ்யாவில், சமாராவில் வேலை பார்க்கும் தன் தம்பிகளிடம் போய்விடுவேன் என்று அவள் வசந்தத்திலேயே சொல்லியிருந்தாள். வெறும் மிரட்டலுக்குப் பேசுகிறவள் அல்ல. அணைத்தார். மோட்டார் ஓடியது, ஊர் கைதட்டியது.

தண்ணீர் வாய்க்காலின் தரைக்கு ஒரு விரல் மேலே ஓடியது. அடியில் புழுதி அப்படியே கிடக்க, எறும்புகள் வரிசை கலையாமல் போயின. மரத்தடியில் வந்து விரிந்து நின்றதே தவிர மண்ணுக்குள் இறங்கவில்லை. பெண்கள் கல் வைத்து அமுக்கினார்கள். கல் கீழே போனது, தண்ணீர் விலகிக்கொண்டு மேலே நின்றது. ஸைனூரா நான்கு நாள் வெறுங்காலோடு அதை மிதித்தாள். குடித்தால் தொண்டை நனைந்தது, தாகம் போகவில்லை. இருபதாம் நாள் காய்கள் சுருங்கி உதிர்ந்தன.

"பெட்டியை ஊமையாக்கிட்டீங்க, சந்தோசம்," என்றாள். "என்னை ஊமையாக்க எந்தப் பட்டன்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

சொன்னபடியே சமாராவுக்கு மூட்டை கட்டினாள். பேருந்து வந்தபோது, கூட வரச் சொல்லிக் கடைசியாக ஒருமுறை கேட்டாள். பம்பை யார் பார்த்துக்கொள்வது என்றார்.

"அதுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே!" என்று ஏறி உட்கார்ந்தாள். அழுதது ஹோல்மத்தான், அதுவும் எல்லார் முன்னாலும்.

நூற்று நாற்பது வீடுகளில் பத்தொன்பது மிஞ்சின. எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து அவர்கள் கழுதையில் குடிநீர் கொண்டுவந்தார்கள். பட்ட மரங்கள் அடுப்புக்குப் போயின. ஏழு வருடம் கழித்து மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிகள் திரையைப் பார்த்தார்கள், ஏழு ஆண்டுகளாகப் பழுதே காட்டாத நிலையம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் பிலாவ் சாப்பிட்டுப் போனார்கள். அந்தச் சான்றிதழைத் தூக்கி எறியக்கூட ஹோல்மத்துக்கு வீம்பு மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சமாராவிலிருந்து ஸைனூரா பேசுகிறாள். முதல் சில வருடங்கள், எடுத்ததும், தண்ணீருக்குக் கனம் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்பார். இப்போது சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள், அங்கே வெங்காயம் என்ன விலை என்று சொல்கிறாள். அவர் வாய்க்காலோரம் நின்று, தரை தொடாமல் போகும் தண்ணீரைப் பார்த்தபடி உம் கொட்டுகிறார். எப்போது வருவாய் என்று அவரும் கேட்பதில்லை.