எட்டு மூன்றும் ஒரு ஒன்றும்

அக்காவும் தங்கையும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்கள். பெரியவள் பதினெட்டு வருஷமாக சாக்பீஸ் தேய்த்தவள். சின்னவள் வந்து மூன்றே வருஷம். அதற்குள் புதுக் கணக்கு அறைச் சுவரில் சின்னவளின் பெயர் ஏறப்போகிறதாம். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

எல்லாம் ஒரு எண்ணால் வந்த வினை. 31, 331, 3331 என்று முன்னால் மூன்றைச் சேர்த்துக்கொண்டே போனால் எல்லாமே பகா எண்ணாம்; அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது. ஏழு மூன்று வரை சின்னவள் கையால் வகுத்தே காட்டிவிட்டாள். எட்டாவது, 333333331. "இதுவும் அப்படித்தான்," என்றாள். தலைமை ஆசிரியை பூரித்துப்போய், "இதையே சுவர்ல எழுதிடுவோம்," என்றார்.

அதை வகுக்கும் எண் ஒன்றாவது சிக்காதா என்று பெரியவள் நோட்டை எடுத்தாள். அதன் வர்க்கமூலமான பதினெட்டாயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதுவே இரண்டாயிரத்துக்கு மேல் தேறும். எல்லாரும் கீழிருந்து தொடங்குவார்கள். இவள் மேலிருந்து தொடங்கினாள். அந்தக் கெட்டிக்காரி சின்ன எண்களிலா கோட்டை விடுவாள்? பொறாமைதான், ஆனாலும் தங்கையின் மூளையை இவளைப்போல் நம்பியவர் யாருமில்லை.

நாளுக்கு நாற்பது எண். சாப்பாட்டு இடைவேளையில், பஸ்ஸில், துணி காயும் நேரத்தில். "கிடைச்சுதாக்கா?" என்று சின்னவள் தினமும் கேட்பாள். "இன்னும் இல்ல" என்பதற்குள் பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை பதினேழுக்கு வந்து சேர்ந்தாள். மீதி பூஜ்யம். கீழிருந்து வந்திருந்தால் ஏழாவது வகுத்தலிலேயே முடிந்திருக்கும். தலையில் அடித்துக்கொண்டு புதுக் கணக்கு அறைக்கு ஓடினாள்.

பெயின்ட் இன்னும் ஈரம். எண்ணுக்குக் கீழே 'கண்டவர்' என்று தங்கையின் பெயர். அதற்கும் கீழே 'சரிபார்த்தவர்' என்று இவள் பெயர்.

"நான்தான் எழுதச் சொன்னேன்," என்றாள் சின்னவள். "ரெண்டு மாசமா தேடி உனக்கே ஒண்ணும் கிடைக்கல. அப்புறம் சரின்னு வேற யாரு சொல்லணும்?"

வருகைப் பதிவேட்டைத் தவிர அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரியவளின் பெயரை யாரும் எங்கும் எழுதியதில்லை. நோட்டைத் திறக்காமல் இருந்தால் போதும். கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே ஆசைதீரப் பார்த்தாள்.

"பதினேழால போகுதுடி."

சின்னவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. "சின்னதெல்லாம் நீ முதல்லயே பாத்திருப்பேன்னு நெனச்சேன்கா."

"நீ பாத்திருப்பேன்னு நான் நெனச்சேன்."

பெயின்டர் விழித்தார். "அப்போ எல்லாத்தையும் அழிச்சிடவா?"

பெரியவள் அவரிடமிருந்து துணியை வாங்கி எண்ணின் முன்னால் இருந்த ஒரு மூன்றை மட்டும் துடைத்தாள். மிஞ்சியது ஏழு மூன்று, தங்கை வகுத்துக் காட்டிய எண். "இது சரி. ஆனா இதை நான் சரிபார்க்கலியே," என்றவள் பெஞ்சில் உட்கார்ந்து புதுப் பக்கத்தைத் திருப்பினாள். "இதுக்கு எழுநூத்தம்பது சொச்சம் வகுத்தல்தான். இன்னிக்கு லீவு போட்டு ராத்திரியும் முழிச்சா நாளைக்குள்ள முடிச்சிடுவேன். என் பேர்ல கை வைக்காதீங்க."

சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் பேர் மேல, என் பேர் கீழ. அதுதான்டி எனக்கு ஆகல," என்று சொல்லிவிட்டு, பெரியவள் இரண்டிலிருந்து வகுக்கத் தொடங்கினாள்.