நாலரை மணிக்குச் சம்பத் வைத்த ராணி

அன்று ஆவடி குடியிருப்பின் சமூகக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். ஜெயராமனாகிய நான், தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி ஜெகதாம்பாள். எங்கள் மகள் ஷோபனா. எனக்கு எதிரே உட்கார்ந்து ஆடிய சம்பத். அதே தொழிற்சாலையில் இன்னும் லேத் இயந்திரத்தில் நிற்பவர். அவர் மகன் கோகுல்நாத். நடுவர் ராஜகுமாரி. சம்பத்தின் மச்சான் உத்தமன், ஆட்டோ ஓட்டுபவர். மற்ற எல்லோரும் வெளியே போண்டா வாங்க வரிசையில் நின்றார்கள். பிற்பாடு இந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான்.

ஆயுத பூஜையை ஒட்டி நடக்கும் செஸ் போட்டியின் கோப்பை ஒன்பது வருடமாக எங்கள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. ஆறு வருடம் நான் ஜெயித்தேன், மூன்று வருடம் என் தம்பி. ஆனால் இந்த வருடம் கோப்பையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அடுத்த வியாழக்கிழமை ஷோபனாவுக்கும் கோகுல்நாத்துக்கும் நிச்சயதார்த்தம். அவர்களாகவே பேசி முடிவு செய்தது, நான் சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். இரண்டு வீடும் சரிசமம். யாரும் யாரிடமும் சலுகை வாங்கக் கூடாது.

இறுதி ஆட்டத்தில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். இதை ஒளிக்க வேண்டியதில்லை. என்னிடம் ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும் மிச்சம். அவரிடம் ராணி இருந்தது.

“முட்சிடு மாமே, போண்டா ஆறிடும்” என்றார் உத்தமன்.

“பேசினா வெளியே அனுப்பிடுவேன்” என்றார் ராஜகுமாரி.

“நான் போண்டாவாண்ட பேசினேன் மேடம்.”

சம்பத் ராணியைத் தூக்கினார். நாலு கட்டம் தள்ளி வைத்தால் எனக்கு செக்மேட். அந்த நாலு கட்டத்தை நானும் பார்த்துவிட்டேன். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, கை கொடுக்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது தொழிற்சாலையில் ஷிப்ட் முடியும் நாலரை மணிச் சங்கு ஊதியது.

சம்பத்துக்கு அன்று விடுமுறை. ஆனால் கைக்கு விடுமுறை கிடையாதே! பாதி வழியில் இருந்த ராணியை அப்படியே கீழே வைத்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். எழுந்து வாசல் பக்கம் இரண்டடி நடந்தும் விட்டார். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார். ராணி என் யானைக்கு நேர் எதிரே நின்றது.

காயை வைத்துக் கையை எடுத்தால் எடுத்ததுதான். நான் ராணியை வெட்டினேன். பதினோரு நகர்த்தலில் ஆட்டம் என் பக்கம் முடிந்தது.

ராஜகுமாரி முடிவுச் சீட்டை நீட்டினார். நான் பேனாவைத் திறந்தேன். ஜெகதாம்பாள் என் காதருகே வந்து, “சம்பந்தி பெரிய மனசுக்காரர்ங்க. பொண்ணு வீடு தலை குனியக் கூடாதுன்னு விட்டுக் கொடுத்துட்டார்” என்றாள்.

நான் பேனாவை மூடினேன்.

“அப்பா, கையெழுத்துப் போடுங்கப்பா” என்றாள் ஷோபனா.

“தானமா வந்த கோப்பையை வாங்கிட்டு நான் தாம்பூலம் மாத்த மாட்டேன்” என்றேன். ஷோபனா கோகுல்நாத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நான் சம்பத்திடம் நேராகவே கேட்டேன். “விட்டுக் கொடுத்தீங்களா?”

அவர் பதில் சொல்வதற்குள் உத்தமன் முந்திக்கொண்டார். “ஆமான்னு சொல்லிடு மாமே. தோத்தவன்னு பேர் வராது. தாராளமானவன்னு பேர் வரும். ஊட்ல அக்காவுக்கும் அதையே சொல்லிக்கலாம்.”

சம்பத் உத்தமனைப் பார்த்தார். நல்ல யோசனைதான் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். சட்டென்று அவருக்குக் கோபம் வந்தது.

“சார், நான் கடைஞ்ச பீஸை இருபது வருசம் திருப்பி அனுப்புன ஆளு நீங்க. நூல் அளவு குறைஞ்சாலும் சிவப்பு மார்க் போட்டீங்க. உங்களுக்கா நான் விட்டுக் குடுப்பேன்? ஜெயிச்சிருந்தா இந்தத் தெருவையே சுத்தி வந்திருப்பேன் சார்! சங்கு ஊதுச்சு, கை விட்டுடுச்சு. அவ்ளோதான். தப்பு என்னுது.”

நான் பேனாவை மறுபடி திறந்தேன்.

“சங்கு ஊதாமல் இருந்திருந்தால் தோற்றவன் நான். இது என் திறமையில்லை, அதிர்ஷ்டம்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அதிர்ஷ்டத்தை யாரும் சலுகையாகக் கொடுப்பதில்லை. அதை வாங்கிக்கொள்வதில் என் வீட்டுக்கு ஒரு குறைவும் கிடையாது. கையெழுத்துப் போட்டேன். சம்பத் தன் பெயருக்கு எதிரே அழுத்தமாகக் கோடு இழுத்துக் கையெழுத்திட்டார்.

“அப்போ வியாழக்கிழமை?” என்று கோகுல்நாத் மெதுவாகக் கேட்டான்.

“காலை ஒன்பதுக்கு. தாமதமா வராதீங்க” என்றேன்.

நிச்சயதார்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. ஆனாலும் மேனாம்பேட்டில் தொடங்கி பூந்தமல்லி வரைக்கும் ஒரு பேச்சு உலாவுகிறது: பெண் வீட்டாரின் மனம் கோணக் கூடாது என்று சம்பத் வேண்டுமென்றே ராணியைக் கொடுத்தாராம். அது பொய். அவர் கவனம் தவறினார், நான் ராணியை வெட்டினேன்.