பின்பக்கமாக ஒரு கால் சுற்று

'விசிறியைப் பின்பக்கமாகச் சுற்றாதே' என்று கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதி வைத்தவனே சுப்புராஜ்தான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள்கூட அதைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். எழுதினவனுக்கு மட்டும் அது கண்ணில் படாமல் போனது. ஊருக்குத்தானே உபதேசம்.

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற வழியில், நூற்பாலை முதலாளி நல்லுசாமி தன் நிலத்தில் ஒரு ஓடுபாதை போட்டு வைத்திருந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். பணம் வந்தால் மனிதர்கள் காளை வாங்குவார்கள், கார் வாங்குவார்கள். இவர் ஏலத்தில் ஒரு பழைய பயிற்சி விமானத்தை வாங்கினார். எழுபது வருஷத்துக்கு முன்னால் விமானப்படைப் பையன்கள் பறக்கப் படித்த மஞ்சள் விமானம். வந்து இறங்கியபோது அதற்குள் குருவி கூடு கட்டியிருந்தது. சின்னாளப்பட்டித் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, விமானப்படையில் இருபது வருஷம் இன்ஜின் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சுப்புராஜைத் தேடிப் பிடித்து அதை ஒப்படைத்தார். நான்கு வருஷம் சுப்புராஜ் அதைத் திருகு திருகாகப் பிரித்து, கழுவி, மாட்டினான். ஓட்டுவதற்குத் திண்டுக்கல் டவுனில் இருந்த பிரான்சிஸ் வந்து சேர்ந்தார். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற விமானி.

பறக்கிற நாளெல்லாம் பிரான்சிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"சுப்பு, போலாமா?"

"போலாம் சார்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்ததில்லை. அந்த ஒரு கேள்வியில் சுப்புராஜுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அதை அவன் பெண்டாட்டி சரஸ்வதியிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த இன்ஜினின் குணத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வட்டமாக ஒன்பது சிலிண்டர். நிறுத்தி வைத்தால் ஆயில் மெல்லக் கசிந்து அடியில் இருக்கிற சிலிண்டர்களில் போய்த் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே ஏறி வருகிற பிஸ்டன் ஆயிலில் போய் முட்டும். ஆயில் நசுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால் ஸ்டார்ட் செய்யுமுன் விமானத்தின் மூக்கில் இருக்கிற விசிறியைக் கையால் முன்பக்கமாக ஒன்பது தடவை தள்ளிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டி நின்றால், அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். பின்பக்கமாகச் சுற்றினால் விசிறி வெண்ணெய் மாதிரி திரும்பும், அதுதான் மோசம். தேங்கிய ஆயில் வெளியே போகாமல், சிலிண்டருக்குக் காற்று வருகிற குழாய்க்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடுத்த தடவை இன்ஜின் ஓடும்போது ஒரே மடக்காக உள்ளே வந்து விழும்.

இதெல்லாம் சுப்புராஜுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆயுத பூஜையன்று காலை கொட்டகையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல் எல்லாம் மண்ணெண்ணெயில் குளித்து, பலகையில் வரிசையாகச் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை எடுத்து வைக்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது. பொரி கடலைப் பொட்டலங்களோடு மில் ஆட்கள் வந்தாயிற்று. நல்லுசாமி, நிலக்கோட்டையிலிருந்து வரவழைத்த ஆள் உயரச் சம்பங்கி மாலையோடு வந்து விமானத்துக்கு முன்னால் நின்றார்.

"ஏனுங்க சுப்புராஜ், இந்த விசிறி சாஞ்சு நிக்குதுங்களே. நேரா நிமித்தி வெச்சா மாலை நிக்குமுங்க. போட்டோ எடுக்கோணும்."

சுப்புராஜ் விசிறியைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளினான். கால் சுற்றுகூடப் போகவில்லை. சுவரில் முட்டியது போல நின்றுவிட்டது. அடியில் ஆயில் தேங்கியிருக்கிறது. பிளக்கைக் கழற்ற வேண்டும். ஸ்பேனரோ பலகையில் குங்குமப் பொட்டோடு சாமியாக இருக்கிறது. கீழே கோலம். பூசாரி சூடத்தைக் கையில் எடுத்துவிட்டார். நல்லுசாமியின் சம்சாரம் மாலையின் மறுமுனையைப் பிடித்தபடி நிற்கிறார்.

"செத்த நேரம் பொறுங்க முதலாளி" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால், நல்ல நாளும் அதுவுமாக, இன்ஜின் மாட்டிக்கொண்டது என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாகக் குழாயையும் கழற்றி வடித்துவிட்டால் போகிறது என்று நினைத்தான். விசிறியைப் பின்பக்கமாக ஒரு கால் சுற்று சுற்றி நிமிர்த்தி வைத்தான். மாலை அழகாக நின்றது. கைதட்டினார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலை ஆறு மணிக்கு வந்து குழாயைக் கழற்றலாம் என்று அவன் நினைத்திருக்க, நல்லுசாமி ஐந்தரைக்கே பேரப்பிள்ளைகளோடு வந்துவிட்டார். நல்ல நேரத்தில் இன்ஜின் சத்தம் கேட்க வேண்டுமாம். பிரான்சிஸும் ஏறி உட்கார்ந்துவிட்டார். சுப்புராஜ் அவசர அவசரமாக ஸ்பேனரை எடுத்து அடிப் பிளக்கைக் கழற்றினான். ஒரு டம்ளர் ஆயில் வடிந்தது. விசிறி ஒன்பது தடவையும் தடங்கல் இல்லாமல் சுற்றியது. குழாயைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆகும். வந்த ஆயில் வந்துவிட்டது, மிச்சம் என்ன இருக்கப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"போலாமா சுப்பு?"

"போலாம் சார்."

இன்ஜின் இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவதில் 'மடக்'கென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. குழந்தைகள் கவனிக்கக்கூட இல்லை. பிறகு புகையைக் கக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது, ஒழுங்காக ஓடியது. சுப்புராஜ் மட்டும் அடிச் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இறங்கி வந்ததும் பிரான்சிஸ் கேட்டார். "என்னமோ தட்டுன மாதிரி இருந்துச்சே?"

"குளுருக்கு அப்பிடித்தான் சார். ஓட ஓடச் சரியாயிரும்."

"நீ சொன்னா சரி."

அன்று மத்தியானம் எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் ஓட்டைக்குள்ளும் ஒரு கம்பியை விட்டு, பிஸ்டன் எவ்வளவு உயரம் ஏறி வருகிறது என்று அளந்தான். மாட்டியபோது ஒன்பதுக்கும் அளந்து நோட்டில் எழுதி வைத்த கணக்கு இருந்தது. எட்டு சிலிண்டர் சரியாக இருந்தது. அடியில் இருந்தது ஒரு தீக்குச்சி கனம் குறைந்தது. மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் அதே தீக்குச்சி.

ராடு வளைந்துவிட்டது. வளைந்த ராடு இன்றைக்கே ஒடியாது. நாளைக்கும் ஒடியாமல் இருக்கலாம். ஆனால் ஒடியும்.

சொல்ல வேண்டும். சொல்லாமல் எப்படி? சொன்னால் என்ன ஆகும் என்றும் அவனுக்குத் தெரியும். மாற்று ராடு இந்த நாட்டிலேயே கிடைக்காது. விமானம் மறுபடி குருவிக் கூடாகிவிடும். 'ஏன் வளைந்தது' என்று கேட்பார்கள். சுவரில் அந்தச் சிவப்பு எழுத்து நிற்கிறது. பிரான்சிஸ் இனிமேல் அந்த ஒரு கேள்வியைக் கேட்க மாட்டார், புத்தகத்தைப் புரட்டுவார். அதை மட்டும் சுப்புராஜால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இப்படியும் ஒரு மனிதனா என்று கேட்கத் தோன்றும். இப்படித்தான் மனிதன்.

அன்றிரவு சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து சரஸ்வதி கேட்டாள். "வெஞ்சனம் பிடிக்கலையா? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

வெள்ளிக்கிழமை மில்லின் ஆண்டு விழா. விமானம் ஒரு சுற்றுப் பறக்க வேண்டும். சுப்புராஜ் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். ஒரே ஒரு சுற்று. பத்து நிமிஷம். அது தாங்கும். திங்கட்கிழமை இன்ஜினைச் சோதனைக்குத் திறந்து, ராடு வளைந்திருப்பதை அப்போதுதான் பார்த்தது போல அவனே கண்டுபிடிப்பான். பழைய உலோகம் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனும் முதலில் சோற்றைத்தான் நம்புகிறான்.

வெள்ளிக்கிழமை பிரான்சிஸ் கேட்டார், இவன் "போலாம் சார்" என்றான், விமானம் ஏறியது. சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் சுப்புராஜ் மூச்சுவிட்டானா என்பது அவனுக்கே நினைவில்லை. மஞ்சள் விமானம் திரும்பி வந்து ஓடுபாதையைத் தொட்டது. பிழைத்தேன் என்று நினைத்தான்.

பிரான்சிஸ் இன்ஜினை நிறுத்தவில்லை. மேல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார். "இன்னிக்கு ரொம்ப நல்லா ஓடுது சுப்பு! செம்பட்டி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாரேன்."

சுப்புராஜ் இறக்கைமேல் ஏறி அவர் காதருகே போனான். "போதும் சார் இன்னைக்கு."

"ஏன்? ஏதும் இருக்கா?"

கேட்டுவிட்டார். பதிலுக்குக் காத்துக்கொண்டும் இருந்தார். அவனையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் அவன் சாகிறவரைக்கும் கண்ணைவிட்டுப் போகாது. பந்தலில் நல்லுசாமி கை அசைத்துக்கொண்டிருந்தார். மில் ஆட்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"இல்ல சார்" என்றான் சுப்புராஜ்.

செம்பட்டிக்கு இந்தப் பக்கம், வெங்காயக் காடுகளுக்கு மேலே இன்ஜின் உடைந்தது. கண்ணாடி முழுக்க ஆயில் அடித்திருக்க வேண்டும். அவருக்கு முன்னால் எதுவும் தெரிந்திருக்காது. உழுத காட்டில் இறக்கப் பார்த்திருக்கிறார். ஏறக்குறைய இறக்கியும் விட்டார். காட்டின் கடைசியில் ஒரு கிணற்று மேடு இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் ஒடிந்த ராடைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். சுப்புராஜையும் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அளந்த நோட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உலோகம் களைத்துப் போய் ஒடிந்தது என்று அறிக்கை வந்தது. கூடவே இன்னொரு வரியும் இருந்தது: விமானி தேவையான உயரத்தில் பறக்கவில்லை. ஊர் அந்த இரண்டாவது வரியை மட்டும் பிடித்துக்கொண்டது. வயசான காலத்தில் தாழப் பறந்து வித்தை காட்டினார், சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தார் என்று டீக்கடையில் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு நடுவில் சுப்புராஜ் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அறிக்கை வந்த அடுத்த வாரம், பிரான்சிஸின் மனைவி ஷைனி கொட்டகைக்கு வந்தார். தனியாக, ஆட்டோவில். பள்ளிக்கூட டீச்சர். உள்ளே விமானம் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. தரையில் ஆயில் கறை மட்டும் இருந்தது. சுப்புராஜ் நாற்காலி எடுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு எழுதினதுண்ணே?"

"நான்தாம்மா."

"பின்னால சுத்துனா என்ன ஆகும்?"

அவன் போட்ட நாற்காலியை மறுபடி ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"அன்னைக்கு ரெக்கை மேல ஏறி நீங்க அவர்கிட்ட 'போதும் சார்'னு சொன்னீங்க. மில் ஆளு எடுத்த வீடியோவுல இருக்கு. நான் நூறு தடவை பார்த்துட்டேன். சத்தத்துல ஒண்ணும் கேக்கல, வாய் அசையுறதைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். எதுக்குண்ணே போதும்னு சொன்னீங்க?" குரல் உயரவில்லை. வகுப்பில் கணக்குக் கேட்கிற குரல்தான். "அந்த வாரத்துல ஒரு நாள் ராத்திரி என்கிட்ட, இன்ஜின்ல ஏதோ தட்டுச்சு, சுப்புகிட்ட கேட்டேன், ஒண்ணுமில்லன்னான், அவன் சொன்னா சரின்னு சொன்னாரு. என் மகளை ஸ்கூல்ல, உங்கப்பா வித்தை காட்டித்தான செத்தாருன்னு கேக்குதுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம். அது என்ன சத்தம்னு மட்டும் சொல்லுங்க."

சுப்புராஜ் சொன்னான். மாலையிலிருந்து ஆரம்பித்தான். பலகையில் இருந்த ஸ்பேனர், கால் சுற்று, காற்றுக் குழாய், தீக்குச்சி, 'இல்ல சார்' வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

ஷைனி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "மாலை நேரா நிக்கணும்னு" என்றார். அதை ஒரு தடவைதான் சொன்னார்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். "எழுதித் தாங்க. கையெழுத்துப் போட்டு."

சுப்புராஜ் அளவு எழுதின நோட்டை எடுத்தான். தீக்குச்சிக் கணக்கு இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினான். தேதி போட்டான். இனி இன்ஜின் பக்கம் யாரும் அவனை விடமாட்டார்கள், ஜெயிலுக்கும் அனுப்பலாம் என்பது எழுதும்போதே தெரிந்தது. அவர் நோட்டை வாங்கி நின்றபடியே கடைசி வரிவரை படித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆட்டோ வெளியே காத்திருந்தது.

"அம்மா" என்று பின்னாலேயே போனான் சுப்புராஜ். "நான் ஒண்ணு..."

ஷைனி திரும்பாமலே கையைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

"மன்னிப்புன்னு மட்டும் கேட்டுறாதீங்கண்ணே. கேட்டா குடுக்கணும்னு எங்க வேதத்துல இருக்கு. என்னால முடியாது."

அவன் கேட்கவில்லை.