பாதுகாவலர் கையெழுத்து

இப்போதெல்லாம் ஜனங்கள் தங்கள் வீட்டுச் சண்டையை நேராகப் போடுவதில்லை. நடுவில் ஒருத்தனை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்தத் தடவை அந்த ஒருத்தன் நான்.

பக்கத்து வீட்டு இளமதிக்குப் பதினேழு வயது. கபடி ஆடும். டவுசர் போட்டு ஆடக் கூடாது என்று அப்பன் ராஜவேல் நிறுத்திவிட்டான். கடலூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் அன்று அவன் வெளியூர் போயிருந்தான். அவன் பெண்டாட்டி இசைவாணி என் வாசலுக்கு வந்தாள்.

"பெரிப்பா, சக்கரை மாத்திரை வாங்க கடலூரு போறீங்கள்ல? புள்ளையயும் இட்டுகினு போயிடுங்க. அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சிதம்பரத்தில் பஸ் ஏறினோம். மைதானத்தில் ஒரு படிவத்தை நீட்டி, பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

"நீங்க யாரு?"

"தாத்தா," என்றது பெண். நானும் தலையாட்டினேன். எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான், அதை எழுதினேன். பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மகளைக் கடத்திவிட்டேன் என்று ராஜவேல் புகார் கொடுத்திருந்தான். பெண்டாட்டியோடும் மகளோடும் அங்கே நின்றிருந்தான்.

"அதுவா ஆசப்பட்டுதான் சார் வந்துது."

"பதினெட்டு ஆவல பெரியவரே. அது வரேன்னாலும் பெத்தவங்க சம்மதம் வேணும். இல்லன்னா கடத்தல் கேசுதான்," என்றார் எஸ்.ஐ. "இதுல தாத்தான்னு கையெழுத்து வேற. சொந்தத் தாத்தாவா நீ?"

"தெருவுல எல்லாப் புள்ளையும் அப்படித்தான் கூப்புடும். அவ ஆத்தாதான் இட்டுகினு போவச் சொன்னா. கேளுங்க."

இசைவாணி தரையைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"அம்மா..." என்று இளமதி ஆரம்பித்தது. அப்பன் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது.

"மாமா, அந்தக் கையெழுத்து செல்லாதுன்னு எழுதிக் குடு. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றான் ராஜவேல். "இந்த வயசுல ஜெயிலுக்குப் போயி களி திங்கப் போறியா?"

ஏட்டு எழுதிப் படித்துக் காட்டினார். என் தப்பு என்று இரண்டு இடத்தில் வந்தது. கையெழுத்துப் போட்டேன். விடுதி இடம் போயிற்று. அந்தப் பெண் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சட்டம் புள்ளைங்களக் காப்பாத்தத்தான் பெரியவரே," என்றார் எஸ்.ஐ.

"யாருகிட்டேருந்து சார்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இசைவாணி வாசல்வரை வந்து "பெரிப்பா" என்றாள். நான் நிற்கவில்லை. எழுதிக் கொடுத்தது பயத்தில். பெண்ணைக் கூட்டிப் போனது தப்பு என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.