வெள்ளிக்கிழமை வரி

பிரேமலாவின் அப்பாவை மெர்பாத்தி வங்கியின் வாசலில் அடித்துக் கொன்றார்கள். 1983 மார்ச் 12, சனிக்கிழமை. அவளுக்கு ஒன்பது வயது.

அப்பா செல்லப்பன், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள கூலாய் கிளையின் காசாளர். வியாழன் மதியம், வரிசையில் நின்றவர்களிடம் "சனிக்கிழமை வாங்க" என்று சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை கதவில் அரசாங்க முத்திரை இருந்தது. வங்கி திவால். பணப்பெட்டியைத் துடைத்தவன் இவன்தான் என்று ஒரு குரல் கேட்டது. முதல் அடி, செம்பனைக் குலை தூக்கும் இரும்புக் கம்பியால். அடித்தவன் லாரிக்கார மூர்த்தி. தாடை பெயர்ந்தது. அப்புறம் எல்லாரும் அடித்தார்கள். சாக்கடையில் கிடந்த பல்லைப் பிரேமலா பார்த்தாள்.

அதிலிருந்து அவள் திருடன் மகள்.

நாற்பது வருடங்களுக்குப் பிறகு, கோலாலம்பூர் பல்கலைக்கழகம் ஒன்றில் ரூபேந்திரன் என்ற ஆய்வு மாணவன் ஒரு தேடுபக்கம் செய்திருந்தான். திவாலான பழைய வங்கிகளின் பேரேடுகள் அதில் இருந்தன. வங்கி, கிளை, தேதி கொடுத்தால் வரிகள் வரும். எடுத்தவர், தொகை, காசாளர். விடுமுறை நாளில் பணம் எடுத்திருந்தால் அந்த வரி சிவப்பில் வரும். கூலாய்க்காரர்களின் பெயர்களில் எழுத்துப்பிழை பார்க்க, பிரேமலாவுக்கும் திருத்தும் உரிமை கொடுத்திருந்தான்.

அவளுடைய தொழிற்சாலை இடைவேளையில் அவன் அழைத்தான்.

"அக்கா, கடைசி வாரத்த ஏத்தியாச்சு. உங்கப்பா கிளீன் லா. கடைசியா போனது ஒரு நாப்பதாயிரம். அதுவும் வேலை நாள்ல."

"சிவப்பு ஒண்ணுமே இல்லையா?"

"ஞாயித்துக்கிழமைங்க மட்டும். அலமாக், வாராவாரம் வருது! ஞாயித்துக்கிழமைகூட பேங்க் தொறந்திருக்காங்க உங்க ஊர்ல. பயங்கர உழைப்பாளிங்க."

அவள் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

அந்த வருடங்களில் ஜொகூரில் ஞாயிறு வேலை நாள். அவள் பள்ளிக்கூடம் போன நாள். விடுமுறை வெள்ளிக்கிழமை.

"நாப்பதாயிரம் என்னைக்கிப் போச்சு?"

"பதினொண்ணு. வெள்ளி. அவரு கிளீன்னு கடிதமா அடிச்சுத் தரேங்க்கா. அம்மாகிட்ட காட்டுங்க."

"அப்புறம் பேசறேன் தம்பி."

வரியைத் திறந்தாள். எடுத்தவர் மூர்த்தி. காசாளர் செல்லப்பன். பூட்டிய வங்கிக்குள். கணக்கை மட்டும் அப்பா ஒழுங்காக எழுதியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலில் இருந்ததாக அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

மூர்த்திக்கு இப்போது பதினோரு லாரிகள். அவள் போனபோது லாரிக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தான். எழுபத்தெட்டு வயது, கையில் தடி.

"செல்லப்பன் மவளா? என்னா, லாரி ஓட்ட வந்தியா?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். "வெள்ளிக்கிழமை," என்றாள்.

அவன் கண்ணாடியை உயர்த்திப் படித்தான். இரண்டு முறை.

"ஒங்கப்பன்தான் வீட்டுக்கு வந்து கூப்பிட்டான். நாளைக்கு மூடிருவாங்க, ஒன்னோடத எடுத்துக்க, எனக்கு அஞ்சாயிரம் குடுன்னான். குடுத்தேன்."

"அப்ப ஏன் அடிச்சீங்க?"

"அத்தன கூட்டத்துல என்னையத்தான் பாத்தான். வாயத் தொறந்தான். என் பேரச் சொல்லப் போறான்னு தெரிஞ்சிச்சு. வாயிலயே போட்டேன்." தடியால் தரையைத் தட்டினான். "போ, ஊரெல்லாம் காட்டு. அவன் பேரும் அதுலதான் இருக்கு. ஒங்காத்தா தாங்குவாளா?"

கோலாலம்பூர்க் கணக்கில் வெள்ளிக்கிழமை வேலை நாள்; அந்த வரி வெள்ளை. அப்படியே விட்டால் அப்பா சுத்தம். மூர்த்தியும் சுத்தம்.

அவள் திருத்தும் பெட்டியைத் திறந்தாள். கிளை, கூலாய். வார விடுமுறை, ஞாயிறு. அதை அழித்தாள்.

தடி மணிக்கட்டில் விழுந்தது. கைப்பேசி தெறித்தது. இரண்டாவது அடி காதில். சரளைக் கல்லில் விழுந்தாள். ஒரு பக்கம் கேட்கவில்லை. கைப்பேசியை நோக்கித் தவழ்ந்தாள். முதுகில் ஒன்று, மறுபடி ஒன்று. அடுத்தது இறங்கும்போது தடியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அவன் குப்புறச் சரிந்தான். லாரியின் படியில் முகம் மோதியது. செயற்கைப் பற்கள் ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தன.

அவள் தடியை ஓங்கினாள்.

மூர்த்தி தலையை மறைக்கவில்லை. இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டான்.

தடியைத் தூர எறிந்தாள். கைப்பேசியை எடுத்தாள். அதன் திரை விரிசல் விட்டிருந்தது. ரத்த விரலை அது ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டாள். வார விடுமுறை இருந்த இடத்தில் வெள்ளி என்று எழுதினாள். அம்மாவை நினைத்தாள். அழுத்தினாள்.

ஞாயிறுகள் எல்லாம் வெளுத்தன. ஒரே ஒரு வரி சிவந்தது. அதில் இரண்டு பெயர்களும் இருந்தன.