820791187

“இந்த உலகமே அழிந்தாலும் பகா எண் அழியாது. எதற்கும் பிளவுபடாத அந்தச் சத்தியத்தின் காலடியில் வாழ்ந்தவர் இவர்” என்று அவளுடைய கணிதத் துறைத்தலைவர் அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று முழங்கினார். அப்பாவை அவர் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். அவர் கல்லூரி லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு அலறியபோது கதவை நெம்பித் திறந்துவிட்ட மெக்கானிக் அப்பாதான்.

அந்த லிஃப்ட் மோட்டாரின் தகட்டில் இருந்த எண்தான் 820791187. ஓய்வுபெற்ற பிறகு, அது பகா எண்ணா என்ற கேள்வியை அப்பா பிடித்துக்கொண்டார். 28,649 வரை உள்ள எந்தப் பகா எண்ணும் அதை மீதியின்றி வகுக்காவிட்டால் அதுவும் பகா எண் என்று கணிதப் பேராசிரியையான மகள்தான் சொல்லி, பட்டியலையும் அச்சடித்துக் கொடுத்தாள். மூவாயிரத்துச் சொச்சம் எண்கள். காலைக்கு ஒன்றாகப் பென்சிலால் வகுத்து, மீதியை நோட்டில் எழுதுவார். ஆறு வருடங்களுக்கு மேல் அப்படி ஓடியது.

நான்கு மாதங்களுக்கு முன்பு கல்லூரிக்குப் போன் செய்தார். கருத்தரங்கக் கூடத்துத் திரைச்சீலை நீலமா பச்சையா என்று பேராசிரியர்கள் மும்முரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

“கண்ணு முன்ன மாதிரி இல்ல பாப்பா. கம்ப்யூட்டர்ல போட்டு, பகா எண்ணான்னு பாத்துச் சொல்றியா?”

“பாத்துட்டேம்பா. பகா எண்தான்” என்றாள். பார்க்கவில்லை. அப்பா தெருவுக்கே சொல்லிவிட்டார்.

இப்போது சித்தப்பா போனும் கையுமாக வந்தார். கல்லறைக் கல்லில் ‘820791187 பகா எண் எனக் கண்டறிந்தவர்’ என்று பொறிக்க ஏற்பாடாம். பேராசிரியை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கல்வெட்டுகிறவர் வேலையைத் தொடங்கிவிடுவார்.

“ஒரு தடவ சரி பாத்துரும்மா. வெட்டினா வெட்டினதுதான்.”

அப்பாவின் அறைக்குப் போய்ச் செல்பேசியில் எண்ணைப் போட்டாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. 20011 பெருக்கல் 41017 என்று வந்தது. இலக்கம் தவறியிருக்கும் என்று மறுபடி போட்டாள். செல்பேசி அதையேதான் சொன்னது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொன்ன அன்னிக்கே நோட்ட மூடிட்டாரு. அதுக்கப்புறம் காலையில என்ன பண்றதுன்னு தெரியல பாவம். குழாயத் தெறந்து தெறந்து மூடிட்டிருப்பாரு” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த சட்டையை எடுத்தாள்.

மகள் மேசையில் இருந்த நோட்டைப் பிரித்தாள். கடைசி வரி: 19997, மீதி 14322. கீழே கொட்டை எழுத்தில், ‘பாப்பா பார்த்துவிட்டாள். இனி வேண்டாம்.’

வெளியே கைதட்டல் கேட்டது. துறைத்தலைவர் முடித்திருந்தார். சித்தப்பா வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, லைன்ல இருக்காரு.”

“சரிதான் சித்தப்பா. வெட்டச் சொல்லுங்க.”

நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த பட்டியலில் 19997 வரைக்கும் பென்சிலால் அடித்திருந்தது. அதற்கு அடுத்த எண் 20011.