எல்லம்மாள் கழனி

கீர்த்திக்கு அன்று ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அதைச் சரியாக முடித்தால் ஆறு மாதப் பயிற்சி முடிந்து, உத்திரமேரூர் உழவர் கம்பெனியில் ட்ரோன் ஓட்டும் வேலை நிரந்தரம். திருப்புலிவனத்தில் முத்துகிருஷ்ணன் கழனிக்கு இலைச்சுருட்டுப் புழு மருந்து அடிக்க வேண்டும். முதல் தடவையாகத் தனியாக வந்திருந்தாள்.

பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்: கழனிக்காரர் வரப்பில் முன்னே நடக்க வேண்டும், நீ பின்னே நடந்து எல்லையைக் குறிக்க வேண்டும். முத்துகிருஷ்ணனோ பட்டா நகலையும் அதோடு சேர்ந்த நில வரைபடத்தையும் கையில் திணித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அரசாங்கக் காகிதம் சொல்லாததையா அந்த மனிதரின் கால் சொல்லிவிடப் போகிறது? வரைபடத்தைப் பார்த்தே செல்போனில் கோடு போட்டாள். பத்து நிமிஷத்தில் அடித்து முடித்தாள். தன்னை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

ட்ரோன் தரையிறங்கவும், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். எல்லம்மாள், முத்துகிருஷ்ணனின் செத்துப்போன தம்பியின் மனைவி.

“அடிப்பாவி! யாரக் கேட்டு எங்கழனில அடிச்ச? மூணு வருசமா ஒரு சொட்டு மருந்து படாம பாத்துக்கினு கீறேன். அடுத்த மாசம் இயற்கை வெவசாயம்னு சர்ட்டிபிகேட் குடுக்க வராங்க!”

“இது முத்துகிருஷ்ணன் ஐயா கழனிதானக்கா? பட்டால அப்படித்தான் கீது.”

அதற்குள் அவரே வந்துவிட்டார். தலையைச் சொறிந்தார். கிணற்றுப் பக்கம் தம்பிக்கு, ரோட்டுப் பக்கம் தனக்கு என்று அண்ணன் தம்பி வாய்ப்பேச்சிலேயே மாற்றிக்கொண்டு பன்னிரண்டு வருஷமாகிறதாம். கீர்த்தி மருந்து அடித்தது கிணற்றுப் பக்கம்.

“ஊருக்கே தெரியுமே பாப்பா. பட்டா மட்டுந்தான் பழசு.”

“மாத்தி எய்திக் குடு மாமான்னு அவரு போனதுலேர்ந்து கேக்கறேன்,” என்றாள் எல்லம்மாள். “பாக்கலாம், பாக்கலாம்னே காலத்த ஓட்டறாரு.”

கீர்த்தி பட்டாவை மறுபடி பார்த்தாள். காகிதப்படி தப்பே இல்லை. கண்ணெதிரே ஒருத்தி மூன்று வருஷப் பாடு வீணாகி நிற்கிறாள். மேலாளர் மோகன்குமாருக்குப் போன் போட்டாள்.

“இதுல இன்னாம்மா குழப்பம்? ரிப்போர்ட்ல முத்துகிருஷ்ணன் கழனின்னு போடு. பட்டாவ போட்டோ எடுத்து அனுப்பு. நம்ம மேல தப்பு வராது. உன் வேலையும் தப்பிக்கும்.”

ரிப்போர்ட்டைத் திறந்தாள். அந்தப் பெயரைத் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். பொய்யா என்றால் பொய் இல்லை. உண்மையா என்றால் அதுவும் இல்லை. இந்த எழவை யாரும் சொல்லித்தரவில்லையே என்று அழுகை முட்டியது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘எல்லம்மாள் கழனி. நான் வரப்பு நடந்து பார்க்காமல் தவறாக மருந்து அடித்துவிட்டேன்’ என்று எழுதி அனுப்பினாள். வேலை போனால் போகட்டும்.

எழுதியதை எல்லம்மாளுக்குப் படித்துக் காட்டினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளை எல்லம்மாள் கையமர்த்தினாள்.

“மொத வரிய மட்டும் இன்னொருக்கா படி.”

“எல்லம்மாள் கழனி.”

எல்லம்மாள் மருந்து நாறும் பயிரைப் பார்த்தாள். பிறகு முத்துகிருஷ்ணனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கழனின்னு எய்தின மொத காயிதம் இதான்,” என்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா, கீர்த்திக்கு விளங்கவே இல்லை. “எம் பயிரக் கெடுத்துட்ட. போ. போறதுக்கு முன்னாடி அத ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டுப் போ.”